டைமிங் ஏன் முக்கியம்?

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சிமென்ட் மூட்டைகளோடு ஏறும் பழைய பிக்கப் வண்டி திணறிக் கரும்புகை கக்கினால், டைமிங்கையும், அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தையும், பார்க்க வேண்டும்.

ஏன்? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கத்தால் சூடேறிய காற்றில் தெளித்த டீசல் தானாகப் பற்ற ஒரு மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2400 ஆர்.பி.எம்.மில் அதற்குள் கிராங்க் 14.4 டிகிரி சுழன்றுவிடும்! அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே தெளித்தாக வேண்டும். தாமதித்தால் ஆற்றல் சைலன்சர் வழியே வெப்பமாய்ப் போகும். ரொம்ப முந்தினால் ஏறி வரும் பிஸ்டனையே எதிர்த்து அடிக்கும். 'டக் டக்' சத்தம் அதுதான்.

எப்படிச் சரிசெய்வது? பழைய வண்டிகள் பலவற்றில் டீசல் பம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தி, பம்ப்பை நூலிழை அளவு திருப்புவார்கள். காதை மட்டும் நம்பாமல், டயல் கேஜ் வைத்துக் கம்பெனி சொன்ன அளவிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். காமன் ரெயில் வண்டியில் இதைக் கணினியே பார்த்துக்கொள்கிறது.