கத்துக்குட்டிகள் கட்டிக்கொடுத்த வீடுகள்

வெள்ளம் வடிந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பிய குடும்பங்கள் முதல் வேலையாகத் தெருவுக்கு இழுத்துவந்தது ஃபிரிட்ஜைத்தான். பல வாரம் மின்சாரம் இல்லாமல் உள்ளே இறைச்சியும் இறாலும் அழுகிக் கிடந்தன. கதவைத் திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. டேப் போட்டு இறுகச் சுற்றி அப்படியே வாசலில் தள்ளினார்கள். சிலர் அதன்மேல் அரசியல்வாதிகளைக் கிண்டலடித்து எழுதியும் வைத்தார்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கரையைக் கடந்த கத்ரினா புயலில், காற்றைவிட அதிக நாசம் செய்தது கால்வாய்க் கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்த தண்ணீர். நகரின் 80 சதவீதம் மூழ்கியது.

கிழக்கே ஒட்டியிருக்கும் செயின்ட் பெர்னார்ட் பகுதியின் கதி இன்னும் மோசம். சுமார் 27,000 வீடுகளில் குடியிருக்கும்படி மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. போதாக்குறைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி ஒன்று வெள்ளத்தில் பெயர்ந்து, 10 லட்சம் காலனுக்கும் அதிகமான கச்சா எண்ணெய் தண்ணீரோடு கலந்து வீடுகளுக்குள் போனது.

ஆறு மாதம் கழித்து, 2006 பிப்ரவரியில், லிஸ் மெக்கார்ட்னி, ஜாக் ரோசன்பர்க் என்ற இருவர் வாஷிங்டனிலிருந்து அங்கே உதவ வந்தார்கள். சில வாரம் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம் என்பது திட்டம். மெக்கார்ட்னி கல்வித் துறையில் இருந்தவர், ரோசன்பர்க் வக்கீல். இருவருக்கும் கட்டுமானத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் அரை வருடத்துக்குப் பிறகும் ஜனங்கள் தற்காலிக டிரெய்லர்களிலேயே முடங்கிக் கிடந்ததைப் பார்த்த பின் அவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. அதே ஆண்டு ‘செயின்ட் பெர்னார்ட் புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இப்போது எஸ்பிபி என்ற சுருக்கப் பெயரில் இயங்கும் அது ஜோப்ளின், நியூயார்க், ஹூஸ்டன், போர்ட்டோ ரிக்கோ என்று பேரிடர் நடந்த ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறது. கொத்துக்கரண்டி பிடித்தறியாதவர்களை வைத்துக்கொண்டு வீடு கட்டுவது எப்படி?

ரஸ்க் சுவர்

முதலில் அந்த ஊர் வீட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் செங்கல் வீட்டில் வெள்ளம் புகுந்தால் சேற்றை வாரி, கழுவி, காயவிட்டு, வெள்ளையடித்தால் சுவர் பெரும்பாலும் தேறிவிடும். அங்கே வீட்டின் எலும்பு மரச்சட்டம். உள்பக்கச் சுவர் என்பது அந்தச் சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. பலகைக்குப் பின்னால் குளிர் தாங்கப் பஞ்சுப் படுகை. தண்ணீர் பட்டால் அந்தப் பலகை டீயில் நனைந்த ரஸ்க்தான். பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, சில நாளிலேயே சுவரெல்லாம் கரும்பூஞ்சை.

அதனால் மூழ்கிய வீட்டை எலும்புக்கூடு வரை உரித்தாக வேண்டும். மீனைக் கழுவும்போது குடலை உருவுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ, இந்த வேலைக்கும் அதே சொல்தான்: ‘gutting’. முகக்கவசம், கையுறை, கடப்பாரை போதும். பலகையைப் பெயர்த்து, பஞ்சை உருவி, சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பூஞ்சையைத் தேய்த்து எடுக்க வேண்டும். கைத்தொழில் எதுவும் தெரியாத கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. மார்ச் மாத விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகவேண்டிய பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள்.

அடுத்து, காயவிடும் கட்டம். சட்டத்தின் ஈரப்பதத்தைக் கருவியால் அளந்து, உலர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே பலகை அறையலாம். அவசரப்பட்டு மூடினால் உள்ளே மறுபடியும் பூஞ்சை. மின்கம்பி, குழாய் வேலைகளை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அதற்குப் பிறகு மீண்டும் கத்துக்குட்டிகளின் முறை: பஞ்சு அடைப்பது, பலகை பொருத்துவது, பூச்சு, பெயின்ட், தரை.

இதில் ஆளைச் சோதிப்பது பூச்சுதான். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் நாடா ஒட்டி, மேலே ஒரு பசையைத் தடவி, காயவிட்டுத் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்க்க வேண்டும். அந்தப் பசைக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மட்’, அதாவது சேறு. ஒரு சேற்றை வாரிப்போட்ட வீட்டில் இன்னொரு சேற்றைப் பூசுகிறார்கள். கை பழகாதவர் பூசிய சுவர், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

அரசுப் பணம் எங்கே போனது?

உலகின் பணக்கார நாட்டில், சொந்த வீட்டுக்காரர் ஏன் விடுமுறைக்கு வந்த மாணவர்களை நம்பியிருக்க வேண்டும்? கதையின் கனமான பகுதி இதுதான்.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலம் ‘ரோட் ஹோம்’ என்ற திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர் வரை கொடுத்தது. கணக்குப் போட்ட விதத்தில்தான் கோளாறு. புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. காப்பீட்டுத் தொகை போன்றவற்றை அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஒரே அளவில், ஒரே மரத்தில் கட்டிய இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் சீர்செய்ய 1,30,000 டாலர் ஆகும். வெள்ளையர் வட்டாரத்து வீட்டின் மதிப்பு 2 லட்சம் என்றால் அதற்கு முழுச் செலவும் கிடைக்கும். கறுப்பின மக்கள் வட்டாரத்து வீடு 60,000தான் பெறும் என்றால் கிடைப்பதும் 60,000தான். பலகைக்கும் ஆணிக்கும் கடைக்காரர் இருவரிடமும் ஒரே விலைதான் கேட்பார். இந்தப் பாரபட்சத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு, பாதிக்கப்பட்டோருக்குக் கூடுதலாக 6.2 கோடி டாலர் ஒதுக்கும் உடன்பாட்டோடு 2011-ல்தான் முடிந்தது. அதற்குள் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஒப்பந்தக்காரர்கள் வேறு.

இந்தப் பள்ளத்தைத்தான் தன்னார்வலர்கள் நிரப்பினார்கள். கூலி இல்லை என்றால் கையில் மிஞ்சிய பணத்தைப் பொருளுக்குச் செலவழிக்கலாம்.

ஆனால் கூலியில்லாத ஆள் என்றால் வாரத்துக்கு வாரம் மாறும் ஆள். திங்கள்கிழமை கற்றுக்கொடுத்தால் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவார். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையான மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். அமெரிகார்ப்ஸ் என்ற அரசுச் சேவைத் திட்டத்தில் சொற்ப உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும் இளைஞர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பின்னாளில் டொயோட்டா நிறுவனம் தன் பொறியாளர்களை அனுப்பியது. கார் ஆலையில் செய்வதைப்போல வேலையைக் கூறுபோட்டு, வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, இன்று முடிக்கவேண்டியது என்ன, முடிந்தது என்ன என்று எழுதவைத்தார்கள். ஒரு வீட்டுக்குச் சராசரியாக 116 நாள் ஆனது 61 நாளாகக் குறைந்தது. அந்த ஊர்க்கதையில் என்னை அதிகம் அசத்தியது இந்த வெள்ளைப் பலகைதான்.

நட்சத்திர வீடுகள்

புகழுக்கும் நல்ல சுவருக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அதே ஊரில் சாட்சி உண்டு. நடிகர் பிராட் பிட் 2007-ல் தொடங்கிய ‘மேக் இட் ரைட்’ அமைப்பு, லோயர் நைன்த் வார்டு பகுதியில் 150 வீடு கட்டப்போவதாக அறிவித்து 109 கட்டியது. ஃபிராங்க் கெரி, ஷிகேரு பான் போன்ற உலகப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த வீடுகள். அடைமழை ஊரில் தட்டைக் கூரை, மழை வழிய இறவாணம் இல்லாத சுவர் என்று சில வீடுகள் நின்றன. கசிவு, மரம் மக்கல், பூஞ்சை. இடிக்கப்பட்ட வீடும் உண்டு. 2018-ல் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். 2022-ல் 2.05 கோடி டாலருக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்ட பிறகும் பணம் கைக்கு வருவதில் இழுபறி நீடித்தது.

பக்கத்து அப்பர் நைன்த் வார்டில் ‘ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டி’ அமைப்பு இசைக்கலைஞர்களுக்காக 72 வீடுகள் கட்டியது. அங்கே அலங்காரம் எதுவும் கிடையாது. வீடு பெறுபவரும் தோள்கொடுத்து உழைக்க வேண்டும், வட்டியில்லாக் கடனைத் தவணையில் கட்ட வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் படகு தள்ளிய, சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்த இளைஞர்களை நாம் மறக்கவில்லை. அடுத்த வெள்ளத்திலும் அவர்கள் வருவார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: டிசம்பரில் வருவதோடு, அடுத்த ஜூனிலும் ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். மெக்கார்ட்னியும் ரோசன்பர்க்கும் போய்ச் சேர்ந்தபோது புயல் அடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.