அட்வான்ஸ் இருக்கிறது, காப்பு எங்கே?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று. "அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள்?" என்பதே அது! 10 மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்நகரின் நெடுநாள் வழக்கம். ஏனய்யா இவ்வளவு என்று கேட்டால், "நாளைக்கு வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்பார்.

நியாயமான கவலைதான். அந்த வீடு அவருடைய ஆயுள் உழைப்பாக இருக்கலாம். ஆனால் நாம் கேட்கிறோம்: மெய்யாகவே ஏதாவது ஆகிவிட்டால், இந்த அட்வான்ஸ் போதுமா? அடுப்பங்கரையில் பற்றிய தீ, வீட்டையும் தின்று, பக்கத்துக் குடித்தனத்தையும் தொட்டுவிட்டால், ஒரு லட்ச ரூபாய் எந்த மூலைக்கு? மிச்சத்தைத் தருவது யார்?

"வீடு அவருடையது, நட்டமும் அவருடையது" என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இயல்பான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தரவேண்டியவர் குடியிருப்பவர். அவரோ, அவருடைய வேலையாளோ செய்த தவறால் பழுது நேர்ந்தால், அறிவிப்புக் கிடைத்த 3 மாதத்துக்குள் அவரே சரிசெய்து தரவேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் 3 மாதத்தில் ஒரு வீட்டைக் கட்டித் தருவது நடக்கிற காரியமா?

இதே சிக்கலைப் பிரெஞ்சு நாட்டார் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்ப்போம். அந்நாடு தமிழருக்கு அந்நியமானதன்று. புதுவையிலிருந்து போய்க் குடியேறியவர்களும், ஈழத்துப் போரால் துரத்தப்பட்டுத் தஞ்சம் புகுந்தவர்களும் அங்கே வாழ்கிறார்கள். பாரிஸ் நகரின் லா ஷப்பல் கடைத்தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அவர்களில் வாடகை வீட்டில் இருப்போர் அனைவருக்கும் உரிய சட்டம் இது.

1804இல் பிறந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டம் மிகக் கடுமையானது. வாடகை வீடு தீப்பிடித்தால் குடியிருப்பவரே பொறுப்பு. எதிர்பாராத நிகழ்ச்சியால் வந்தது, கட்டடத்தின் குறையால் வந்தது, அல்லது அண்டை வீட்டிலிருந்து பரவியது என்று அவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால் பணம் கட்ட வேண்டும்!

இந்தச் சுமையைத் தனியொருவர் தலையில் விட்டுவிடக் கூடாதென்று, 1989 ஜூலை 6ஆம் நாள் சட்டம் குடியிருப்பவருக்கு இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. சாவி வாங்கும்போதே சான்று காட்ட வேண்டும். பிறகும் ஆண்டுதோறும் வீட்டுக்காரர் கேட்டால் காட்ட வேண்டும். காட்டத் தவறினால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதம் கழித்துக் குடித்தன உரிமையையே முடித்துவிட ஒப்பந்தத்தில் இடமுண்டு. 2014இல் வந்த திருத்தம் இன்னொரு வழியும் திறந்தது. வெளியேற்றுவதற்குப் பதிலாக, வீட்டுக்காரரே இன்ஷூரன்ஸ் எடுத்து, அந்தச் செலவை மாதா மாதம் வாடகையோடு வசூலித்துக் கொள்ளலாம்.

குறையே இல்லாத ஏற்பாடென்று சொல்லவில்லை. கட்டாயமான குறைந்தபட்சக் காப்பு, வீட்டுக்காரருக்குச் சேரவேண்டியதை மட்டுமே ஏற்கும். கீழ்வீட்டுக் கூரையில் நம் குழாய்த் தண்ணீர் ஒழுகினால் அவர்களுக்குத் தரவேண்டிய ஈடு, நம்முடைய தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றுக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். "இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை பிரித்துப் படிப்பது நல்லது.

ஆனால் முக்கியமான செய்தி வேறு. அதே பிரெஞ்சு நாட்டில், சாமான் இல்லாத வெறும் வீட்டுக்கு வாங்கக்கூடிய முன்பணம் எவ்வளவு தெரியுமா? 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே ஒரு மாத வாடகை!

இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வாடகை 10,000 ரூபாய். அட்வான்ஸ் 1,00,000 ரூபாய். நூற்றுக்கு 6 வட்டி என்று வைத்தாலும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருமானத்தைக் குடியிருப்பவர் இழக்கிறார். அதாவது நாம் பிரீமியம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். காப்புதான் கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்கும் இல்லை, நமக்கும் இல்லை!

வாடகை பாக்கிக்கு உத்தரவாதம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். அதற்குத்தான் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 3 மாத வாடகை என்ற வரம்பை வைத்தது. "வேறு உடன்பாடு இல்லாவிடில்" என்ற ஒரு சொற்றொடரையும் கூடவே வைத்தது. அந்தச் சந்தின் வழியாகப் பழைய 10 மாதம் உள்ளே நுழைந்துவிடுகிறது.

சமையல் எரிவாயுவுக்கு ஒரு காப்பு இருப்பதையும் பலர் அறியார். எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்காக எடுத்திருக்கும் பொதுப்பொறுப்பு இன்ஷூரன்ஸில், சிலிண்டர் விபத்தால் உயிரிழந்தால் ஆளுக்கு 6 லட்சம் வரையும், சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரையும் ஈடு உண்டு. ஆனால் சொத்துச் சேதத்துக்கான ஈடு, இணைப்பைப் பதிவு செய்த முகவரிக்கே உரியது. ஊர்விட்டு ஊர் வந்தும், வீடு மாறியும், பழைய முகவரிச் சிலிண்டரிலேயே சமைத்துக் கொண்டிருப்பவர் எத்தனை பேர்! பெரும்பாலும் குடித்தனக்காரர்கள்தாமே?

2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டத்தில் குடியிருப்பவர் தம் சாமான்களுக்குக் காப்பு எடுக்கலாம். நல்லதே. ஆயினும் அது அடிப்படையில் பொருளுக்குக் காப்பு. பிறருக்கு நாம் தரவேண்டிய ஈட்டுக்குப் பொதுப்பொறுப்புக் காப்பைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

எனவே நாம் சொல்வது இதுதான். அட்வான்ஸை 3 மாதத்தோடு நிறுத்துங்கள். எளிய தமிழில் எழுதிய பத்திரத்தோடு, குடியிருப்போருக்கான பொறுப்புக் காப்பைக் குறைந்த பிரீமியத்தில் கிடைக்கச் செய்யுங்கள். அட்வான்ஸைக் குறைக்காமல் இன்ஷூரன்ஸை மட்டும் கட்டாயமாக்கினால், அது ஏழையின் முதுகில் ஏற்றும் இன்னொரு மூட்டை. குறைத்துவிட்டுக் கொண்டுவந்தால், இருவருக்கும் அது பாதுகாப்பு.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. உங்கள் எரிவாயுப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள முகவரி நீங்கள் குடியிருக்கும் முகவரிதானா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.