இரட்டை மூச்சு

என் தந்தையார் 1959ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் கார் இன்றும் எங்கள் முற்றத்தில் நிற்கிறது. அலெக் இஸிகோனிஸ் வகுத்தமைத்த அவ்வினம் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்டது. அதன் 948 சி.சி. எஞ்சினுக்கு மூச்சளித்தது ஒரேயொரு எஸ்.யூ. காபரேற்றர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மறுவருடம் ஓர் இரவு, பிள்ளைப்பேற்று வேதனையில் துடித்த என் தங்கையை அவ்வாறே புகை கக்கிக்கொண்டு மருத்துவமனை சேர்த்தது இக்கார். அன்று பிறந்தவன்தான் இக்கதையின் நாயகனாகிய என் மருமகன். இன்று மோட்டார் சைக்கிள் திருத்துவதில் கைதேர்ந்தவன்.

காலப்போக்கில் காபரேற்றரின் அச்சுத் துளை தேய்ந்து, அதனூடே வேண்டாத காற்று புகலாயிற்று. துல்லியமாகக் கடைந்து புஷ் இடுவார் அருகில் எவரும் இல்லை. அப்போது மருமகன், “மாமா, ஒரு 400 சி.சி. மோட்டார் சைக்கிளின்ரை இரட்டைக் காபரேற்றர் என்னட்டைக் கிடக்கு. போட்டுப் பாப்பமே?” என்றான். எனக்குச் சினம் மூண்டது. தந்தையாரின் வண்டிக்கு அயலாரின் சுவாசப்பையா?

அவன் வாதாடவில்லை, இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தான். எஸ்.யூ. காபரேற்றரை உருவாக்கிய ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர், சப்பாத்து வணிகக் குடும்பத்திலே பிறந்தவர். அவருடைய ஆதிக் காபரேற்றரில் வெற்றிடத்தின் இழுப்பால் எழுந்து தாழ்ந்தது ஒரு தோல் துருத்தி. பின்னர் அதனிடத்தை உலோக முசலம் பெற்றது. யப்பானியக் காபரேற்றரிலோ அதே வேலையை றப்பர் சவ்வு செய்கிறது. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவுக்கு முசலம் உயரும். அதனோடு ஊசி உயர்ந்து பெற்றோலுக்கு வழிவிடும். அயலார் என்று நான் வெறுத்தவர் உறவினரே என்பதை உணர்ந்தேன்.

எங்கள் எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு, உட்புகுவாய்கள் இரண்டே. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காபரேற்றர் எனப் பொருத்தினோம். எரியும் ஒழுங்கு 1-3-4-2 ஆதலால், ஒரு வாய் அடுத்தடுத்து இரு முறை மூச்செடுத்துப் பின் ஓய்ந்திருக்கும். அவ்வேளை மற்றையது மூச்செடுக்கும். மோட்டார் சைக்கிளிலே ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஊட்டிய காபரேற்றர், இங்கே இரண்டுக்கு ஊட்டவேண்டும். ஆகவே பழைய ஜெற்றுகளை அப்படியே நம்புதல் தகாது.

“பிளக்கைக் கழற்றிப் பாக்கும் வரைக்கும் தூரம் ஓடாதேங்கோ மாமா” என்று அவன் எச்சரித்திருந்தான். நானோ எஞ்சின் இனிதாக உறுமக் கேட்டு மயங்கி, அவன் இல்லாத நாளிலே பளை நோக்கி விரைந்தேன். கொடிகாமம் தாண்டியதும் வேகம் தளர்ந்தது. பின்புறம் ‘பட் பட்’ என வெடித்தது. பெற்றோல் குறைந்த கலவையின் வெப்பத்தால் புகைபோக்கு வால்வு ஒன்று கருகியிருந்தது. ஒரு மாத ஓய்வூதியம் அதனோடு போயிற்று.

இரண்டாம் முறை நான் மாணவனானேன். முதலில் வால்வு இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காக அமைத்தோம். அடுத்துத் தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தோம். இவை பிழைத்திருக்கக் காபரேற்றரைத் திருகுவது வீண். பின்னர் மிதவைகளின் மட்டத்தை ஒப்பாக்கி, றப்பர் இணைப்புகளிற் காற்றொழுக்கு இல்லையெனத் தேர்ந்தோம். ஒரு றப்பர்க் குழாயின் நுனியை ஒவ்வொரு காபரேற்றர் வாயிலும் மாறிமாறிப் பிடித்து, மறுநுனியைக் காதில் வைத்து, இரண்டின் சீறலும் ஒத்திசைக்கும் வரை திருகாணியைத் திருப்பினோம். கடைசியாகவே கலவை: மெல்லோட்டத்துக்குச் சிறு திருகாணி, நடு ஓட்டத்துக்கு ஊசியின் உயரம், முழு ஓட்டத்துக்குப் பெரிய ஜெற். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் சிறிது ஓடிப் பிளக்கைப் பார்த்தோம். வெண்மை பெற்றோல் குறைவையும், கரி அதன் மிகையையும் காட்டின. நான்கு பிளக்கும் இளங்கபில நிறம் பெற மூன்று வாரம் சென்றது.

ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்தினால் எது பயன் தந்ததென அறியமாட்டோம். முப்பது ஆண்டு வகுப்பறையிலே மாணவர்க்கு நான் போதித்த அந்நெறியை, கரி படிந்த கைகளோடு என் மருமகன் எனக்குத் திருப்பிப் போதித்தான்.

இப்போது தங்கையை மாதந்தோறும் அதே மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறேன். வண்டி நிற்பதில்லை; புகைப்பதுமில்லை. பழைய எஸ்.யூ. காபரேற்றர், துடைத்து எண்ணெய் பூசப்பட்டு, தந்தையாரின் படத்தின் கீழ் இருக்கிறது.