டோக்கியோவில் ஓர் அரங்கு இருந்தது

பல ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியில், நீண்டதூர ஓட்டத்திற் கடைசியாக வந்துகொண்டிருந்த மாணவனொருவன், முடிவுக் கோட்டைத் தொடாமலே தலைகுனிந்து வெளியேறினான். வென்றவனுக்கு மாலையிடும் அவசரத்தில் நான் அவனைக் கவனியாது விட்டேன். டோக்கியோ தேசிய விளையாட்டரங்கின் வரலாற்றைப் படித்தபோது அவன் முகமே என் நினைவில் எழுந்தது.

அவ்வரங்கு நின்ற நிலத்தில் முன்னர் இருந்தது, 1924இல் அமைந்த மெய்ஜி ஆலயப் புறத்தோட்ட மைதானம். 1943 ஒக்டோபர் 21ஆம் நாள், கொட்டும் மழையில், பல்லாயிரம் மாணவர் தோளில் துப்பாக்கி சாத்தி அங்கே அணிவகுத்துப் போர்முனைக்கு விடைபெற்றனர். மீளாதோர் பலர். போரின் பின்னர் அம்மைதானத்தை அகற்றி, 1958இல் புதிய அரங்கை எழுப்பினர்.

அவ்வாண்டே அங்கு நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் முதலிடம் பெற்று, அவ்விழாக்களில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார்.

1964இல் ஒலிம்பிக் விழா வந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த அன்றே அம்மாநிலத்திற் பிறந்த யோஷினோரி சக்காய் என்னும் இளைஞர் தீபம் ஏற்றினார். பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்கரான பில்லி மில்ஸ் வென்றார். ஏனையோரும் ஓடி முடித்தனர். 67ஆம் இலக்கம் அணிந்த இலங்கையர் ஒருவர் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தார். அவர்தாம் ரணதுங்க கருணானந்த. முதலில் எள்ளி நகைத்தவர்களும் உண்டு. ஆனால் அவர் ஓட்டத்தை நிறைவுசெய்தபோது, வென்றவருக்குரிய கரவொலி அவருக்கும் கிடைத்தது. ஜப்பானியப் பாடநூலொன்று அவர் கதையைச் சிறுவர்க்குப் பாடமாக்கியது.

2014 மே மாதத்தில் மூடப்பட்ட அவ்வரங்கு, 2015இல் இடித்தகற்றப்பட்டது. கென்கோ கூமாவின் வடிவமைப்பில் எழுந்த புதிய அரங்கு 2019இல் நிறைவெய்தியது. பெருந்தொற்றினாற் பிற்போடப்பட்ட ஒலிம்பிக் விழா 2021இல் அங்கு நடந்தபோது, பார்வையாளர் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. அக்காட்சியைக் கண்டபோதுதான், கடைசியாய் வருபவனுக்குப் பார்த்திருப்போர் எவ்வளவு தேவையென்பதை உணர்ந்தேன். 1964இல் அவ்வரங்கிலிருந்தோர் செய்ததை நான் என் மாணவனுக்குச் செய்யவில்லை.

இப்பொழுதெல்லாம் போட்டிநாளில், கடைசி மாணவன் வந்துசேரும்வரை நான் முடிவுக் கோட்டருகே நிற்கின்றேன். மாலைகள் சற்றே காத்திருக்கின்றன.