பழைய லேண்ட் ரோவரும் திரும்பும் வழி தெரியாத மின்சாரமும்

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூத்து நன்றாகவே பழக்கம். முதலில் சுவிட்சை மாற்றுவார்கள், அடுத்து ஃபிளாஷரை மாற்றுவார்கள். விளக்குகள் பழையபடியே துடிக்கும். ஏனென்றால் கோளாறு மின்சாரம் போகும் வழியில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது.

வாகனத்தில் பேட்டரியின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பல்புக்கும் ஒரே ஒரு வயர் போதும். திரும்பி வர வண்டியின் உலோகமே பாதை. மெக்கானிக்குகள் எர்த் என்று சொல்வது இதைத்தான். அந்த எர்த் கெட்டுவிட்டால், பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழைக்குள் புகுந்து, வேறு எங்காவது நல்ல எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கும். இரண்டு இழைகளும் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்வதால் இரண்டுமே மங்கலாகத்தான் எரியும்.

லேண்ட் ரோவரில் இது அதிகம் நடக்கக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு கட்டுப்பாட்டில் இருந்தது. எனவே சேசிஸை எஃகிலும் மேல் உடலைப் பெரும்பாலும் அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். உடல் துருப்பிடிக்காது என்பது பெரிய வசதிதான். ஆனால் அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சேறும் தண்ணீரும் சேர்ந்தால், அந்த இடமே ஒரு சிறு மின்கலமாகி அலுமினியம் அரிபடத் தொடங்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதன் அடையாளம். அலுமினியம் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. விளக்கு அலுமினியத்தில், பேட்டரியின் எர்த் எஃகில், நடுவில் இந்தப் பொடி.

இதோடு அரை நூற்றாண்டுக் கைவேலையும் சேர்ந்துகொள்கிறது. இந்த வண்டிகளில் கம்பெனி போட்ட வயரிங் மிகச் சிக்கனமானது. சீரீஸ் 2ஏ மாடலில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. வயர்களின் நிறத்துக்கு மட்டும் ஒழுங்கு இருந்தது: பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, வெள்ளை என்றால் சாவி வழியாக, பச்சை என்றால் சாவியும் ஃபியூஸும் தாண்டி, கறுப்பு என்றால் எர்த். பிறகு வந்த உரிமையாளர்கள் ஃபாக் லைட், ரேடியோ, வின்ச், இரண்டாவது பேட்டரி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். கையில் கிடைத்த வயரை முறுக்கி டேப் சுற்றினார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே சிவப்பில் எட்டுப் பத்து வயர் தொங்கினால் கம்பெனி வரைபடம் உதவாது. 1967 வரை இந்த வண்டிகளில் எர்த் ஆனது பாசிட்டிவ் முனை என்பதையும் மறக்கக் கூடாது. மீட்டரை எடுக்கும் முன் எந்த முனை சேசிஸில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

அந்த மீட்டர்தான் பலரை ஏமாற்றுகிறது. பல்பைக் கழற்றி ஹோல்டரில் மீட்டர் முள்ளை வைத்தால் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் எரியாது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். அளக்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியர். பச்சைக் களிம்பு பிடித்து 5 ஓம் தடை ஏறிய இணைப்பு, அவ்வளவு சிறிய மின்னோட்டத்தைத் தாராளமாக விட்டுவிடும். அதே இணைப்பு வழியே 21 வாட் பிரேக் பல்பை எரிய வைத்துப் பாருங்கள். வோல்ட்டேஜில் பாதியைக் களிம்பே தின்றுவிடும். பாதி வோல்ட்டேஜில் பல்பு தரும் வெளிச்சமோ பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. செல்ஃப் மோட்டாரின் கேபிளில் நிலைமை இன்னும் மோசம். 200 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் அது தெரியவே தெரியாது.

அதனால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையில் நிலையாக வையுங்கள். மறுமுள்ளைப் பல்பு ஹோல்டரின் உலோகத்தில் தொடுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 3 வோல்ட் என்று காட்டினால் அந்த மூன்றும் வழியில் எங்கோ வீணாகிறது. இனி முள்ளை நகர்த்திக்கொண்டே வாருங்கள்: விளக்கின் அடித்தகடு, அலுமினிய உடல், போல்ட்டின் தலை, சேசிஸ். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளவு சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கேதான். எதையும் கழற்றாமல், எதையும் புதிதாக வாங்காமல் கண்டுபிடிக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பட்டறையிலும் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேசிஸுக்கும் இடையே பட்டையான எர்த் கேபிள் ஒன்று உண்டு. அது அறுந்துபோனால் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியே திரும்பப் பார்க்கும். சாவியைத் திருப்பியதும் சோக் கைப்பிடியில் புகை வந்தால் கார்புரேட்டரைத் திறக்காதீர்கள்; இந்தப் பட்டையைப் பாருங்கள்.

சேர்த்த விளக்குகளின் கணக்கு வேறு. இரண்டு 100 வாட் விளக்குகள் இழுப்பது கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அதை 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 4 மீட்டர் கொண்டுபோனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே இறங்கும். வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும், வயரின் தோல் இளகும். அந்த வயர் தாங்கக்கூடியது 9 ஆம்பியருக்கும் குறைவு. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அங்கிருந்து தடித்த வயர், நடுவில் ஒரு ரிலே என்று மாற்றினால் டாஷ்போர்டு சுவிட்ச் வெறும் கட்டளையை மட்டும் சுமக்கும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் அங்கே கம்பியைச் சுற்றிவைப்பது கொடுமை. அதன் பிறகு உருகப்போவது கட்டுக்குள் இருக்கும் வயர்தான். பக்கத்து வயர்களையும் அது எரித்துவிடும். ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள், அந்த ஃபியூஸில் ஓடும் மற்றவற்றை அணைத்துவிடுங்கள். எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் இனி 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது; பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். வயர் கட்டை முன்னிருந்து பின்னாக அசைத்துக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பல்பு மங்கும், அல்லது அணையும். பெரும்பாலும் அது சேசிஸ் துளையின் கூர்விளிம்பாக இருக்கும்: ரப்பர் வளையம் எப்போதோ உதிர்ந்து, வயரின் தோலை இரும்பு அறுத்திருக்கும். புது வயர் போடும்போது வளையத்தையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.