ஆட்டக்காரரும் ஒப்பந்தமும்

உதைபந்தாட்டப் பருவம் ஒன்று முடிந்து மறு பருவம் தொடங்கும் இடைக்காலத்தில், பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களை ஆட்டங்களைக் காட்டிலும் ஆட்டக்காரரின் இடமாற்றச் செய்திகளே நிரப்பிவிடுகின்றன. இன்னார் இத்தனை கோடிக்கு இந்தக் கழகத்தை விட்டு அந்தக் கழகத்துக்குப் போகிறார் என்பது செய்தி. அதனைப் படித்தோர் கூறும் கருத்தோ பெரும்பாலும் ஒன்றே: வளர்த்துவிட்ட கழகத்தைப் பணத்துக்காக உதறிவிட்டார் என்பதாம். எழுதுவினைஞர் ஒருவர் கூடுதலான சம்பளம் கிடைக்கிறதென்று வேறு கந்தோருக்குச் சென்றால் அவரை எவரும் நன்றி கெட்டவர் என்பதில்லை. ஆட்டக்காரருக்கு மட்டும் வேறொரு நீதி ஏன் வந்தது?

இதற்கு விடை காண வேண்டுமாயின் 1960 ஆம் ஆண்டின் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். அந்நாளில் அங்கே தொழின்முறை ஆட்டக்காரர் எவரும், எத்துணைத் திறமைசாலியாயினும், ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் சம்பளம் பெறலாகாது. அதனினும் கொடியது மற்றொரு விதி. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கழகம் விரும்பினால் ஆட்டக்காரரின் பெயரைத் தன் பதிவிலேயே வைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் வைத்திருக்குங்காறும் லீக்கைச் சேர்ந்த வேறெந்தக் கழகமும் அவரை அமர்த்த முடியாது. அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயமும் கழகத்துக்கு இல்லை!

நியூகாசில் யுனைட்டெட் கழகத்தில் ஆடிய ஜோர்ஜ் ஈஸ்தாம் இவ்விதிக்குப் பணிய மறுத்தார். புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடாது, பந்தை விட்டுவிட்டு இங்கிலாந்தின் தென்பகுதிக்குச் சென்று தக்கை விற்கும் தொழிலில் அமர்ந்தார். சில மாதங்களின் பின் கழகம் இறங்கிவந்து, 47,500 பவுணுக்கு அவரை ஆர்சனல் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தது. வேண்டியது கிடைத்துவிட்டதே என்று அவர் அமைந்துவிடவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு வழக்குத் தொடுத்தார். 1961 சனவரியில், வேலைநிறுத்தம் செய்வோம் என்று அச்சங்கம் எச்சரித்ததன் பயனாக 20 பவுண் வரம்பு ஒழிந்தது. 1963 இல் ஈஸ்தாமின் வழக்கிலே தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்து வைத்துக்கொள்வது நியாயமற்ற தொழிற்றடை என்பது அது. தீர்ப்பளித்த நீதிபதி வில்பர்போஸ், அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்போஸின் வழித்தோன்றல் என்பதையும் இங்கே குறிப்பிடாது விடுவதற்கில்லை.

எனினும் விலை பேசும் வழக்கம் ஒழியவில்லை. ஒப்பந்தம் முடிந்தவருக்கும் விலை கேட்கும் முறை ஐரோப்பாவிலே நெடுங்காலம் நின்றது. பெல்ஜியத்தின் பொஸ்மன் என்பார் தொடுத்த வழக்கில், 1995 டிசம்பர் 15 ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. அடுத்தது பிரான்சு நாட்டு லசானா டியாராவின் வழக்கு. 2014 இல் மொஸ்கோவின் லொக்கோமொட்டிவ் கழகத்தோடு அவருக்குப் பிணக்கு நேர்ந்து, ஒப்பந்தம் முறிந்தது. கழகத்துக்கு ஒரு கோடியே ஐந்து இலட்சம் யூரோ நட்டஈடு செலுத்துமாறு அவர் பணிக்கப்பட்டார். அவரை அமர்த்தும் புதிய கழகமும் அக்கடனுக்குப் பொறுப்பாகலாம் என்றது உலக உதைபந்தாட்டச் சங்கமாகிய பீபாவின் விதி. பிறர் கடனைத் தலையிற் சுமக்க எந்தக் கழகம் முன்வரும்? பெல்ஜியத்துக் கழகம் ஒன்று அவரை அழைத்தும் அவ்வேற்பாடு நிறைவேறவில்லை. 2024 ஒக்டோபர் 4 ஆந் திகதி, இத்தகைய விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே பீபா தன் விதிகளைத் தற்காலிகமாகத் திருத்திக்கொண்டது.

கழகங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. சிறுவனொருவனைப் பல்லாண்டு பயிற்றிய சிறு கழகம், அவன் பெயர் பெற்றதும் வெறுங்கையோடு நிற்பது முறையன்று. பயிற்சிச் செலவுக்கு ஈடு கேட்பது தகும். ஆனால் ஈடு கேட்பது வேறு, ஆளையே பிடித்து வைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கியதே பழைய விதியின் பிழை. இன்றைய இரசிகர் பலரின் கோபத்திலும் அம்மயக்கமே தெரிகின்றது.

டியாராவுக்குத் தீர்ப்பு வந்தபோது வயது 39. அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஈஸ்தாம் தம் 88 ஆவது வயதிற் காலமானார்.