பாட்டியின் ஒலிநாடாவும் ஜப்பான் விளையாட்டும்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து வந்த என் அக்காள் மகன், மூன்று நாளாகத் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு நகரவில்லை. "அப்படி என்னடா விளையாட்டு?" என்று அதட்டினேன்.

"மாமா, இது நீங்க படிச்ச காலத்து கேம். இப்ப புதுசாக்கி விட்டிருக்காங்க" என்றான்.

பெயர் 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்'. 1997இல் ஜப்பானில் ஸ்குவேர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. சதுரங்கம் போல வீரர்களைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் போரிட வேண்டும். கதையும் உண்டு. நாட்டுக்காகப் பாடுபட்டவன் ராம்சா. ஏட்டில் வீரன் என்று பெயர் வாங்கியவனோ வேறொருவன்! ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புதுக்கதையா?

அந்த விளையாட்டு 2025 செப்டம்பர் 30ஆம் நாள் புதுப்பொலிவுடன் வெளிவந்தது. 1964இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012இல் துலக்கி மீண்டும் திரையிட்டார்கள் அல்லவா? அதுபோலத்தான் என்று நினைத்தேன். ஆனால் துலக்குவதற்கு மூலப்பிரதி கையில் இருக்க வேண்டுமே! இவர்களிடம் அதுவே இல்லை.

கணினி விளையாட்டுக்கு உயிர்நாடி, அதை இயக்கும் கட்டளைகள் எழுதிய மூல நிரல். அந்தக் காலத்தில் ஜப்பானிய மொழியில் விளையாட்டை முடித்ததும், ஆங்கிலப் பதிப்புக்காக அதன் மேலேயே மாற்றி எழுதிவிடுவார்களாம். பழையதைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே, பழைய விளையாட்டையே மீண்டும் மீண்டும் ஆடிப் பார்த்து, பிரித்து ஆராய்ந்து, ரசிகர்கள் தொகுத்து வைத்திருந்த குறிப்புகளையும் புரட்டி, புதிதாகக் கட்டி எழுப்பினார்கள். முதலில் கதை எழுதிய மட்சுனோ யசுமியே வசனத்தைச் செப்பனிட்டார். பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். பழைய தோற்றத்திலேயே ஆட விரும்புவோருக்கு அதையும் தனியாக வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே தவற்றைச் செய்தவன்தான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டிப் பிழைத்தவர் என் பாட்டி. அவர் பாடிய தாலாட்டையும் தோட்டப் பாட்டுகளையும் என் சித்தப்பா ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். பதினாறு வயதில் நான் அதன் மேலேயே சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன். மறு ஆண்டு பாட்டி கண்ணை மூடினார். இன்று அந்தத் தோட்டம் செம்பனைக் காடு. லயங்கள் நின்ற சுவடும் இல்லை.

ஜப்பானியருக்கு ஆடிப் பார்க்கப் பழைய தட்டாவது கிடைத்தது. என் பாட்டியின் குரலை எதைக் கேட்டு நான் மீட்பேன்?

பெற்றோர்களே, பிள்ளைகளே! உங்கள் வீட்டிலும் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருப்பார். கைப்பேசிதான் எல்லோர் கையிலும் இருக்கிறதே! அவர் பாட்டையும் பேச்சையும் இன்றே பதியுங்கள். பெயரும் தேதியும் குறியுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். அழகுபடுத்துவது பிறகு, மூலத்தை அழிக்காதிருப்பதே முதல் வேலை.

அன்றிரவே அக்காள் மகன் விளையாட்டை நிறுத்திவிட்டு என் அம்மாவிடம் போய் உட்கார்ந்தான். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே பாடினார். ஒரு பிரதி அவன் கைப்பேசியில். மற்றொன்று என் கணினியில்.